வடசென்னையில் ஒரு பேச்சு மன்றம்: வாரக் கூட்டமும் போட்டியும் நடத்தும் முறை

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் மாலை 5.30 மணிக்குக் கூடி 7 மணிக்குக் கலையும் ஒரு பேச்சு மன்றத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருபவர்களில் நானும் ஒருவன். தங்கள் பகுதியிலும் இப்படியொரு மன்றம் தொடங்க விரும்புவதாகத் திருவொற்றியூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் சிலர் அவ்வப்போது வந்து கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது போட்டியைப் பற்றித்தான்: எத்தனை கோப்பை வாங்குவது, பரிசளிக்க யாரை அழைப்பது, பதாகை எங்கே அடிப்பது. நான் வாரக் கூட்டத்திலிருந்து பேச்சைத் தொடங்குவேன். வாரந்தோறும் பழகியதை ஒரு நாள் எடைபோட்டுப் பார்ப்பதுதான் போட்டி. அதில் பரிசு பெறாதவர் அடுத்த ஞாயிறு மீண்டும் வந்து உட்காரவில்லை என்றால், போட்டி எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும் அதை மன்றத்துக்கு நட்டம் என்றே நான் கணக்கெழுதுவேன். கீழே சொல்லியிருக்கும் முறைகள் எல்லாம் அந்தக் கணக்கை மனத்தில் வைத்து நாங்கள் சிறிது சிறிதாகத் திருத்தி எடுத்தவை.

நேரமும் இடமும்

கூட்ட நேரத்தை அந்தப் பகுதி மக்களின் பிழைப்பைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். ஞாயிறு காலை என்றால் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனவர் வீடு திரும்பி, சமையல் முடிந்து, சாப்பிட்டு எழவே மதியம் 2 மணி ஆகிவிடும்; அந்த வேளையில் பெண்கள் வரவே முடியாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நேரம் மாறும் என்பதால், கூட்டமாவது ஒரே நேரத்தில் மாறாமல் நடக்க வேண்டும். ஐந்து பேர் மட்டுமே வந்திருந்தாலும் 5.30 மணிக்குத் தொடங்கிவிடுங்கள். நேரத்தில் வந்தவரைத் தாமதமாக வருபவருக்காகக் காக்க வைத்தால், அடுத்த வாரம் அவரும் தாமதமாகவே வருவார்.

போட்டிக்கான மாதத்தைக் குறிக்கும்போது மழையையும் கடலையும் நினைவில் கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆதலால், தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றுவிட்டால் நடுவரும் வர முடியாது, போட்டியாளரும் வர முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் மன்றத்துக்கு வர இயலாத இளைஞர்கள் எங்களிடம் அந்த இரண்டு மாதங்களில்தான் வருகிறார்கள். எனவே எங்கள் ஆண்டுப் போட்டியை ஜூன் முதல் வாரத்தில் வைக்கிறோம். வெயில் கடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர்கள் ஆறு ஏழு வாரம் பழகிவிட்டுப் போட்டியில் நிற்க அந்த ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

இடத்துக்கு ஒரு பள்ளி வகுப்பறையோ, கிளை நூலகத்தின் கூடமோ, தொழிற்சங்கக் கட்டடத்தின் மேல்மாடியோ போதும். இருபது நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் கடைசி வரிசையில் கைபேசி வெளிச்சம் தெரியத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான நாட்களில், பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களிடையே திரு.வி.க. பேசியபோது, நம் மேடைகளுக்கு ஒலிபெருக்கி வந்திருக்கவில்லை. அதன்பின் 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே நடந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் வரை, மேடைப் பேச்சைக் காதாரக் கேட்டு வளர்ந்த பகுதி இது. இருபது பேர் இருக்கும் அறையில் கடைசி நாற்காலி வரை சொந்தக் குரலை அனுப்பப் பழகியவருக்குப் பிறகு எந்த ஒலிபெருக்கியும் தடையாக இருக்காது. ஒலிபெருக்கியோடு மட்டும் பழகியவரோ மின்சாரம் போனதும் தடுமாறுவார்.

வாரக் கூட்டம்

உலகெங்கும் நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் நடைமுறை பலருக்குத் தெரிந்திருக்கும். 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. 18 வயது நிறைந்தவர்களையே அது உறுப்பினராகச் சேர்க்கும். எங்கள் மன்றம் அதன் கிளை அன்று. என்றாலும் கூட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரிப்பதையும் நேர அளவுகளையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். முதலில் ஆயத்தப் பேச்சு, அடுத்து தலைப்பைக் கொடுத்ததும் எழுந்து பேசும் உடனடிப் பேச்சு, கடைசியாக மதிப்பீடு.

ஆயத்தப் பேச்சு ஒவ்வொன்றும் 5 முதல் 7 நிமிடம். வாரத்துக்கு மூன்று பேச்சுகளுக்கு மேல் வைக்காதீர்கள். உடனடிப் பேச்சுக்கு ஒருவருக்கு 1 முதல் 2 நிமிடம் என்று கணக்கிட்டால் 25 நிமிடத்தில் பத்துப் பேராவது எழுந்து நின்றுவிடலாம். மதிப்பீட்டுக்கு ஒரு பேச்சுக்கு 2 முதல் 3 நிமிடம். மீதி நேரம் வரவேற்புக்கும், அறிக்கைகளுக்கும், தேநீருக்கும் சரியாக இருக்கும்.

நேரக்காப்பாளர் பொறுப்பைப் புதிதாக வந்தவரிடம் கொடுப்பது நல்லது. பேசாமலேயே கூட்டத்தில் பங்கு பெறும் வழி அது. அவர் கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகள் இருக்க வேண்டும். ஆயத்தப் பேச்சில் 5ஆம் நிமிடம் பச்சை, 6ஆம் நிமிடம் மஞ்சள், 7ஆம் நிமிடம் சிவப்பு. பள்ளிகளில் அடிக்கும் மணியைக் காட்டிலும் அட்டை சிறந்தது. மணி பேச்சாளரை நடுங்க வைப்பதோடு, கேட்பவர்களின் கவனத்தையும் அறுத்துவிடுகிறது. அட்டையோ பேச்சாளரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

இன்னொருவர் ஒட்டுச்சொற்களை எண்ண வேண்டும். ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’, ‘ஆக்சுவலா’, ‘ஸோ’ ஆகிய ஐந்தையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். கூட்டத்தின் முடிவில் எண்ணிக்கையை மட்டும் படியுங்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் முதல் பேச்சில் ‘பார்த்தீங்கன்னா’ என்று 31 முறை சொன்னார். நான்காவது பேச்சில் அது 6 ஆகக் குறைந்தது. அவருக்கு யாரும் அறிவுரை கூறவில்லை. எண்ணிக்கையைக் கேட்டே தம்மைத் திருத்திக்கொண்டார். அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு எடுங்கள் என்பது மட்டுமே நான் சேர்த்துச் சொல்லும் குறிப்பு.

உடனடிப் பேச்சுக்குத் தலைப்பு கொடுப்பவர் நன்கு உழைக்க வேண்டும். ‘நேர்மை’, ‘தாய்மை’, ‘இளைஞர் சக்தி’ போன்ற தலைப்புகளைக் கொடுத்தால், பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகளே திரும்பி வரும். ‘கடைக்காரர் 50 ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டதை வீட்டுக்கு வந்துதான் பார்க்கிறீர்கள்’ என்று கொடுத்துப் பாருங்கள். நேர்மையைப் பற்றிய பேச்சுத்தான் வரும், ஆனால் அது பேசுகிறவரின் சொந்தப் பேச்சாக இருக்கும். தெருமுனைக் கேரம் பலகை, தண்ணீர் லாரி வரும் நேரம், மூடிய ரயில்வே கேட்டின் முன் நிற்கும் பத்து நிமிடம், தடைக்காலத்தில் கரையில் நிற்கும் படகு என்று தலைப்புகள் நம் தெருக்களிலேயே கிடக்கின்றன. தலைப்பை முதலில் படித்துவிட்டு அதன் பிறகே பேச வேண்டியவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பீடு

மன்றத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேசி முடித்தவரைப் பற்றி இன்னொரு உறுப்பினர் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் 3 நிமிடத்துக்குள் சொல்வதுதான் மதிப்பீடு. பெரும்பாலான மன்றங்களில் இது ‘குரல் நன்றாக இருந்தது, இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? தன்னம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது.

எங்கள் மன்றத்தில் இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்மணி தம் முதல் பேச்சை மாவு அரைப்பதைப் பற்றிப் பேசினார். இரண்டு கைகளாலும் முந்தானையைப் பிடித்தபடி, தரையைப் பார்த்தே பேசினார். 4 நிமிடம் 10 விநாடியில் முடித்துவிட்டார். அவருக்கு மதிப்பீடு சொல்ல எழுந்தவர் இருபத்திரண்டு வயது இளைஞர். அவர் கூறியதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “அக்கா, உளுந்து பொங்கிடுச்சான்னு கையால அள்ளிப் பார்ப்பேன்னு சொன்னீங்க இல்லையா, அந்த இடத்துல உங்க வலது கை தானா மேல வந்துச்சு. அப்பத்தான் எல்லாரும் நிமிர்ந்து உங்க கையப் பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நீங்க மாவு ஏன் முக்கியம்னு சொல்லிட்டிருந்தீங்க. அடுத்த தடவை கை மாவுல இருக்கும்போதே ஆரம்பிங்க.” அடுத்த முறை அவர் அப்படியே தொடங்கினார், 6 நிமிடம் பேசினார், முந்தானை அதன் இடத்தில் இருந்தது.

நல்ல மதிப்பீட்டுக்கு வேண்டிய எல்லாமே இந்த நான்கைந்து வரிகளில் இருக்கின்றன. பேச்சின் எந்த இடத்தில் கேட்பவர் ஈர்க்கப்பட்டார் என்று விரல் வைத்துக் காட்டுவது, குறையைக் குணத்தோடு ஒட்டாமல் நேரத்தோடு ஒட்டிச் சொல்வது, அடுத்த முறை செய்யத்தக்க ஒரே ஒரு செயலைக் கொடுத்து நிறுத்துவது ஆகிய மூன்றையும் உங்கள் மதிப்பீட்டாளர்களுக்குப் பழக்குங்கள். ஐந்து குறைகள் கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். மற்ற நான்கையும் அடுத்தடுத்த பேச்சுகளுக்காகக் குறிப்பேட்டில் வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் பேச்சின் கருத்தோடு வாதிடக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசியலோ மதமோ பேச்சில் வந்துவிட்டால் கை தானாக வாதத்துக்கு ஓங்கும்; அதைத் தேநீர் வேளைக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

போட்டிக்கான விதிகள்

போட்டிக்கு ஒரு மாதம் முன்பே விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். போட்டி நாளன்று எந்த விதியையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது, தளர்த்தவும் கூடாது. ஆயத்தப் பேச்சுப் போட்டியில் 30 விநாடி சலுகை உண்டு: 4 நிமிடம் 30 விநாடிக்குக் குறைவாகவோ 7 நிமிடம் 30 விநாடிக்கு அதிகமாகவோ பேசியவர் தகுதி இழப்பார். உடனடிப் பேச்சில் 1 நிமிடத்துக்குக் குறையவும் கூடாது, 2 நிமிடம் 30 விநாடியைத் தாண்டவும் கூடாது. எவ்வளவு சிறந்த பேச்சானாலும் இதில் இரக்கம் காட்டாதீர்கள். ஒருவருக்குக் காட்டும் இரக்கம் நேரத்தை மதித்துத் தன் பேச்சில் ஒரு பத்தியை வெட்டி எறிந்த மற்றவருக்குச் செய்யும் அநீதி. எங்கள் பகுதியில் இன்னொரு விதியும் தேவைப்படுகிறது. கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் கடக்கும்போது பேச்சு காதில் விழாது; அந்த நேரத்தில் பேச்சாளர் நிறுத்தினால் நேரக்காப்பாளரும் கடிகாரத்தை நிறுத்துவார் என்று எழுதி வைத்துள்ளோம்.

பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு நிமிடம் முழு அமைதி வேண்டும். நடுவர்கள் எழுதுவதற்கான நேரம் அது. தொகுப்பாளர் அந்த இடைவெளியை நகைச்சுவையால் நிரப்ப முற்படுவார். அடுத்துப் பேச இருப்பவர் நெஞ்சு படபடக்க நின்றுகொண்டிருக்கும்போது அவர் அப்படிச் செய்வது தவறு.

உடனடிப் பேச்சுப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே தலைப்பு. எனவே முதலாமவர் பேசும்போது மற்றவர்கள் குரல் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். எங்களிடம் தனி அறை இல்லாததால், ஓர் உறுப்பினர் அவர்களை எதிரிலுள்ள தேநீர்க் கடைக்கு அழைத்துப் போவார். கைபேசிகள் அனைத்தும் ஒரு பையில் இடப்பட்டு அவர் தோளில் இருக்கும். பேசி முடித்தவர் அவைக்குள்ளேயே அமர்ந்துவிட வேண்டும்.

மதிப்பீட்டுப் போட்டியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள். போட்டியில் சேராத ஒருவர் மாதிரிப் பேச்சு ஒன்றைப் பேசுவார். போட்டியாளர்கள் வெளியே சென்று 5 நிமிடத்தில் குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்து மதிப்பீடு சொல்வார்கள். மேடையில் திறமையாகப் பேசத் தெரியாதவர்களில் கூர்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு வெற்றி பெற இருக்கும் வாசல் இது.

நடுவர்களும் கணக்கும்

நடுவர் மூவரோ ஐவரோ இருக்கலாம். போட்டியாளரின் உறவினரும், அவருக்குச் சம்பளம் கொடுப்பவரும், அவருக்குப் பாடம் நடத்தியவரும் இருக்கக் கூடாது. மதிப்பெண் தாளில் கருத்துக்கும் அமைப்புக்கும் 50, குரலுக்கும் உடல்மொழிக்கும் 30, மொழிக்கு 20 என்று பிரித்துக் கொடுங்கள். ஆனால் நடுவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி வெற்றியாளரைக் கண்டறிய வேண்டாம். ஒரு நடுவரின் கை இறுக்கம். அவர் 60க்கும் 70க்கும் இடையில்தான் போடுவார். இன்னொருவர் தாராளமாக 70 முதல் 95 வரை போடுவார். கூட்டினால் தாராளக்காரரின் விருப்பமே முடிவாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நடுவரும் தம் மதிப்பெண்ணை வைத்து முதல் மூன்று இடங்களை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுங்கள். முதல் நடுவர் அ, ஆ, இ என்றும், இரண்டாமவர் ஆ, அ, இ என்றும், மூன்றாமவர் இ, அ, ஆ என்றும் வரிசைப்படுத்தினால், அ-வுக்கு 7, ஆ-வுக்கு 6, இ-க்கு 5 புள்ளிகள் வரும். ஒருவர் இ-யைத் தலையில் தூக்கி வைத்தாலும் முடிவு சாயாது. புள்ளிகள் சமமாக வந்தால் முடிவு சொல்ல, எல்லோரையும் வரிசைப்படுத்திய தாளொன்றை ஒரு தனி நடுவரிடம் முன்பே பெற்று மூடி வைத்திருங்கள்.

மொழிக்கான அந்த 20 மதிப்பெண்ணைப் பற்றி எனக்கு ஆழ்ந்த வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் மன்றத்து இளைஞர் ஒருவர் வேறொரு போட்டியில், இரவில் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனதைப் பற்றிப் பேசினார். தம் தந்தை சொன்ன வார்த்தைகளைச் சொன்ன இடத்தில் ‘தொலவுல வெளிச்சம் கீது, குந்து’ என்று வந்தது. அவையே மூச்சடக்கிக் கேட்டது. நடுவர் ஒருவர் மட்டும் முடிவில் எழுந்து, இது கொச்சை மொழி, மேடைக்கு ஆகாது என்று எல்லோர் முன்னும் சொன்னார். அந்த இளைஞரை மறுபடியும் பேச வைக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு தந்தை கடலில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேச வைப்பதுதான் அந்த இடத்துக்குப் பொருத்தமான மொழி. அன்றிலிருந்து எங்கள் நடுவர்களுக்குக் கொடுக்கும் தாளில், ‘இடத்துக்குப் பொருந்துகிறதா, தெளிவாக விளங்குகிறதா என்பதை மட்டும் பார்க்கவும், வட்டார வழக்குக்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறோம். போட்டிக்கு முன் அதை நடுவர் முன்னிலையில் உரக்கப் படிக்கவும் செய்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ல, ள, ழ வேறுபாடு சொல்லின் பொருளையே மாற்றும் இடங்களில் திருத்துவது அவசியம்தான். அதை வாரக் கூட்டத்தில், தனியாக, பொறுமையாகச் செய்யலாம்.

பட்டிமன்றம் வைப்பதானால் ஆண்டுக்கு இரண்டு போதும். தலைப்பை ஒரு வாரம் முன்பே கொடுத்து, எந்த அணி என்பதைக் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு சீட்டெடுத்து முடிவு செய்யுங்கள். இரு பக்கமும் ஆயத்தமாக வர வேண்டியிருப்பதால் எதிரணியின் நியாயமும் எல்லோருக்கும் புரிந்திருக்கும். எதிரணி சொன்னதை அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையில் ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கேலி குறைந்து வாதம் கூடியதற்கு இதுவே காரணம்.

பரிசுக்குப் புத்தகம் போதும். பொன்னாடை, மலர்மாலை, நீண்ட வாழ்த்துரைகள் ஆகியவற்றைத் தவிர்த்தால் அரை மணி நேரம் மிச்சமாகும்.

முடிவை அறிவித்த பின்

மூன்றாம் இடத்திலிருந்து தொடங்கி மூன்று பெயர்களை மட்டும் அறிவியுங்கள். நான்காமவர் யார், யாருக்கு எத்தனை புள்ளி என்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நடுவர்களின் தாள்களை அங்கேயே கிழித்துவிடுங்கள். நேரத்தால் தகுதி இழந்தவர் இருந்தால், அவை முன் அறிவிப்பதற்கு முன் அவரைத் தனியே அழைத்து எத்தனை விநாடி கூடியது என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு யாரும் எழுந்து போவதற்கு முன், அடுத்த ஞாயிற்றுக்கான அட்டவணையைப் பலகையில் எழுதுங்கள். ஆயத்தப் பேச்சுக்கான மூன்று இடங்களையும் பரிசு பெறாதவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் போட்டியில் பேசிய அதே பேச்சை, இன்னும் ஒரு மாற்றத்தோடு, மறுபடி பேசலாம். பரிசு பெற்ற மூவரின் பெயர்களை அவர்களுக்கு எதிரே மதிப்பீட்டாளர்களாக எழுதி, ஒவ்வொருவரிடமும் பேச்சாளர் பெயரைச் சொல்லி, ஞாயிறு 5.30 மணிக்கு வருவதாக வாய்மொழியில் ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகு விளக்கை அணையுங்கள்.